இடுப்பெலும்பு விலகியிருக்கிறதா? மஸில் எனர்ஜி டெக்னிக் உண்மையில் என்ன செய்கிறது?

நீங்கள் எழுதியதை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன், வாசிக்கும் மற்றவர்களுக்கும் புரியட்டும். உங்களுக்கு வயது 33, இரண்டாவது பிரசவம் முடிந்து எட்டு மாதம் ஆகிறது. வலப்பக்கப் பின்னிடுப்பில், குழி விழும் இடத்துக்குச் சற்றுக் கீழே, ஒற்றை விரலால் தொட்டுக் காட்டும்படி ஒரு வலி. படுக்கையில் புரண்டால் சுருக்கென்கிறது. பஸ் படியில் வலது காலை ஊன்றி ஏறினால் இன்னும் அதிகம். பிசியோதெரபிஸ்ட் பார்த்துவிட்டு, வலது இடுப்பெலும்பு முன்பக்கமாகச் சுழன்று நிற்கிறது, அதனால்தான் படுத்தால் வலது கால் நீளமாகத் தெரிகிறது என்றிருக்கிறார். நோயாளி தசையை இயக்கித் தள்ள, தெரபிஸ்ட் எதிர்த்துப் பிடிக்கும் மஸில் எனர்ஜி டெக்னிக் என்ற முறையில் "சரிசெய்து", இப்போது அளவு சமம் என்று காட்டியும் இருக்கிறார். இரண்டு நாள் சுகம், மூன்றாம் நாள் பழையபடி. மறுபடி போனால் "திரும்பவும் விலகிவிட்டது" என்கிறார். பத்து சிட்டிங்குக்கு மொத்தமாகப் பணம் கட்டச் சொல்கிறார்கள். இந்த டெக்னிக் நல்லதா என்று கேட்டிருக்கிறீர்கள்.

கேட்டது ஒரு கேள்வி என்றாலும் உள்ளே மூன்று இருக்கின்றன. என் எலும்பு நிஜமாகவே இடம் மாறிக் கிடக்கிறதா? சரிசெய்தது ஏன் நிற்கவில்லை? இனி காலம் முழுக்க யாராவது ஒருவர் கையை நம்பித்தான் இருக்க வேண்டுமா? மூன்றாவதுதான் உங்களைத் தூங்கவிடாமல் செய்கிறது என்று உங்கள் எழுத்திலேயே தெரிகிறது.

நான் பிசியோதெரபிஸ்ட். கையால் செய்யும் சிகிச்சைகளில் தனிப் பயிற்சி எடுத்தவன், இந்த டெக்னிக்கைப் பல வருடங்களாகச் செய்பவன், இன்றும் செய்கிறேன். அதனால் இதைத் திட்டுவதற்காக எழுதவில்லை. உங்களை நான் தொட்டுப் பார்க்கவில்லை, ஆகவே உங்கள் வலி எதனால் என்று தீர்ப்பும் சொல்ல மாட்டேன். பதிலை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: டெக்னிக்கில் பெரிய குற்றமில்லை. அதற்குச் சொல்லப்படும் காரணம்தான் நிற்கவில்லை. காரணம் தப்பாக இருப்பதால், அதன் மேல் கட்டிய பத்து சிட்டிங் கணக்கும் ஆட்டம் காண்கிறது.

இடுப்புக்கூட்டை நினைத்துப் பாருங்கள். நடுவில் பின்பக்கம் முக்கோண வடிவில் திரிக எலும்பு. அதன் இரு பக்கமும் அகன்ற இடுப்பெலும்புகள். அவை முன்னால் வந்து அந்தரங்க உறுப்புக்கு மேலே, பூப்பெலும்பு இணைப்பில் சேர்கின்றன. பின்னால் திரிக எலும்பும் இடுப்பெலும்பும் சேரும் இடம்தான் சாக்ரோ இலியாக் மூட்டு. நீங்கள் விரல் வைத்துக் காட்டும் இடம் ஏறக்குறைய இதற்கு மேல்தான் வருகிறது. இந்த மூட்டின் பரப்பு வழுவழுப்பாக இருக்காது. ஒரு பக்கம் மேடு, அதற்கு எதிரே பள்ளம் என்று ஒன்றுக்குள் ஒன்று கோத்துக்கொண்டிருக்கும். பின்புறம் உடம்பிலேயே மிக உறுதியான இணைப்பு நார்களில் சில அதை இழுத்துக் கட்டியிருக்கின்றன. உடம்பின் மேல்பாதி எடை முழுவதும் கால்களுக்கு இறங்கும் வழி இது. கழன்று கழன்று மாட்டுகிற மூட்டாக இது இருந்தால் நாம் யாரும் மூட்டை தூக்கியிருக்க முடியாது.

எவ்வளவு அசையும் என்பதையும் அளந்திருக்கிறார்கள். ஸ்வீடனில் ஸ்டுரெசன் என்ற மருத்துவரும் அவருடைய சகாக்களும், இந்த மூட்டில் வலி உள்ளவர்களின் எலும்புகளுக்குள் டான்டலம் என்ற உலோகத்தாலான நுண்ணிய குண்டுகளைப் பதித்து, வெவ்வேறு நிலைகளில் எக்ஸ்ரே எடுத்துக் கணக்கிட்டார்கள். 1989-ல் வெளியான முடிவு: சராசரியாக 2.5 டிகிரி சுழற்சி, 0.7 மில்லிமீட்டர் நகர்வு. உங்கள் ஏடிஎம் கார்டின் தடிமன் ஏறக்குறைய அவ்வளவுதான். வலி இருந்த பக்கத்துக்கும் இல்லாத பக்கத்துக்கும் அசைவில் வேறுபாடும் தெரியவில்லை.

இப்போது உங்கள் பிசியோ செய்ததை இதோடு சேர்த்துப் பாருங்கள். தோல், கொழுப்பு, தசை எல்லாவற்றுக்கும் மேலாகக் கட்டைவிரல்களை வைத்து, இடுப்பெலும்பின் இடது, வலது முனைகள் ஒரே மட்டத்தில் இருக்கின்றனவா என்று பார்த்திருக்கிறார். அந்த முனையே விரல் நுனியை விட அகலமானது. பயிற்சிக்கு வரும் மாணவர்களிடம் நான் வழக்கமாக ஒன்று செய்யச் சொல்வேன். ஒருவரைக் குப்புறப் படுக்கவைத்து, ஆளுக்கொரு நிறப் பேனாவால் அந்த முனையைத் தோலில் குறிக்கச் சொல்வேன், முன்னவர் வைத்த புள்ளியைத் துடைத்துவிட்டு எங்கே இருந்தது என்று தனியே அளந்து வைத்துக்கொள்வேன். நீலப் புள்ளிக்கும் சிவப்புப் புள்ளிக்கும் நடுவே ஒரு விரல் புகும். வலப்பக்கம் மேலே என்று ஒருவர் சொல்வார், கீழே என்று இன்னொருவர் அதே உறுதியோடு சொல்வார். இது மாணவர்களின் குறை மட்டுமல்ல. அனுபவமுள்ள தெரபிஸ்ட்களை வைத்துச் செய்த ஆய்வுகளிலும், எலும்பு முனைகளின் மட்டத்தைப் பார்க்கும் சோதனைகளில் இருவர் ஒத்துப்போவது குறைவாகவே இருந்திருக்கிறது. குனியச் சொல்லிப் பார்ப்பது, ஒற்றைக்காலில் நிற்கச் சொல்லிப் பார்ப்பது, படுத்த நிலையிலிருந்து உட்காரவைத்துக் கால் நீளம் பார்ப்பது எல்லாம் இந்த வகைதான்.

சரி, கை மிகத் துல்லியமானது என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் இன்னொரு சிக்கல் இருக்கிறது. இங்கிலாந்தின் சால்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2008-ல், தானமாக வந்த 30 உடல்களின் இடுப்பெலும்புகளை அளந்தார்கள். ஒரே நிலையில் நிறுத்தி அளந்தும், முன் முனைக்கும் பின் முனைக்கும் இடையிலுள்ள சரிவு ஆளுக்கு ஆள் 0 டிகிரியிலிருந்து 23 டிகிரி வரை மாறியது. ஒரே ஆளின் இடப்பக்கத்துக்கும் வலப்பக்கத்துக்கும் இடையிலேயே 11 டிகிரி வரை வேறுபாடு இருந்தது. எலும்பே அப்படி வளர்ந்திருக்கிறது, அவ்வளவுதான். மூட்டு மொத்தமாக அசைவதே இரண்டு மூன்று டிகிரி என்னும்போது, முனைகள் மட்டமில்லை என்பதை வைத்து மூட்டு சுழன்றிருக்கிறது என்று எப்படிச் சொல்வது? வலியே இல்லாத உங்கள் வீட்டுக்காரரைப் படுக்கவைத்து அளந்தாலும் ஏதோ ஒரு பக்கம் ஏறித்தான் இருக்கும்.

கால் நீளமும் அப்படியே. எக்ஸ்ரேயால் அளந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில், நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு இரு கால்களுக்கும் ஏதோ கொஞ்சம் வேறுபாடு இருக்கிறது. சராசரி 5 மில்லிமீட்டருக்குச் சற்று மேல்.

இந்த டெக்னிக் எங்கிருந்து வந்தது என்று தெரிந்தால், அந்தக் காரணம் எப்படி ஒட்டிக்கொண்டது என்பதும் புரியும். 19-ஆம் நூற்றாண்டின் பின்பகுதியில் அமெரிக்காவில் ஆண்ட்ரூ டெய்லர் ஸ்டில் என்பவர் ஆஸ்டியோபதி என்ற மருத்துவ முறையைத் தொடங்கி, 1892-ல் மிசௌரி மாநிலத்தின் கிர்க்ஸ்வில்லில் கல்லூரி வைத்தார். எலும்பும் மூட்டும் சீராக இருந்தால் உடம்பு தானே குணமாகும் என்பது அவர் நம்பிக்கை. அந்த வழியில் வந்த பிரெட் மிட்செல் சீனியர் என்ற மருத்துவர் 1940-களின் கடைசியிலிருந்து இந்த முறையை உருவாக்கினார். மருத்துவர் மூட்டைப் பிடித்துச் சொடுக்குவதற்குப் பதிலாக, நோயாளியே தன் தசையை இயக்க வேண்டும், மருத்துவர் அசையாமல் எதிர்த்துப் பிடிக்க வேண்டும். இதுதான் அவர் கொண்டுவந்த புதுமை. ரடி என்ற இன்னொரு ஆஸ்டியோபதி மருத்துவர் அதற்கு முன்பே இந்தச் சாயலில் செய்துகொண்டிருந்தார். மிட்செல் 1958-ல் இடுப்புக்கூட்டின் இயக்கத்தைப் பற்றி ஒரு நீண்ட கட்டுரை எழுதினார். இடுப்பெலும்பு முன்னால் சுழன்றது, பின்னால் சுழன்றது, மேலே ஏறியது, திரிக எலும்பு குறுக்காக முறுக்கியது என்று வகை வகையாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் கண்டுபிடிக்கும் முறை, சரிசெய்யும் முறை என்று ஒழுங்குபடுத்தினார். அவர் மகனும் மாணவர்களும் அதைப் பாடமாக்கினார்கள். பிசியோதெரபி வகுப்புகளுக்குள்ளும் அது அப்படியே வந்து சேர்ந்தது. பார்க்க அழகான அமைப்பு. மிகவும் ஒழுங்காக இருப்பதாலேயே உண்மை என்று நம்பத் தோன்றும். நானும் அதை மனப்பாடம் செய்துதான் தேர்வு எழுதினேன்.

உங்களுக்குச் செய்தது இப்படித்தான் இருந்திருக்கும். மல்லாந்து படுக்கச் சொல்லி, இடது காலை நீட்டிவைத்து, வலது முழங்காலை மடக்கி மார்புப் பக்கம் கொண்டுபோயிருப்பார். ஒரு கை நீங்கள் உட்காரும் எலும்பின் அடியில், இன்னொரு கையோ தோளோ முழங்காலில். தொடை மேலே போகப் போக ஓர் இடத்தில் லேசாகத் தடுக்கும். அங்கேயே நிறுத்தி, "இப்ப காலைக் கீழ்ப்பக்கமா என் மேல தள்ளுங்க, மெதுவா" என்பார். மொத்த பலத்தில் கால் பங்கு போதும். புதிதாக வருகிறவர்கள் பெரும்பாலும் பல்லைக் கடித்துக்கொண்டு முழு பலத்தோடு தள்ளுவார்கள், வயிறு விம்மி மூச்சு அடைத்து முகம் சிவந்துவிடும். அப்போது பிட்டத் தசை மட்டும் வேலை செய்யாது, உடம்பு முழுக்க இறுகிவிடும். ஐந்திலிருந்து ஏழு விநாடி, பிறகு விடச் சொல்வார். நீங்கள் விட்டதும் ஒரு மூச்சு நேரம் காத்திருந்து, தொடையை மறுபடி நகர்த்தினால் முன்பு தடுத்த இடம் தாண்டிப் போகும். இதைக் கையில் உணரலாம், இதில் சந்தேகமே இல்லை. மூன்று முதல் ஐந்து தடவை இப்படி. கடைசியில் இரண்டு முழங்கால்களுக்கும் நடுவே முன்கையைக் கொடுத்து நெருக்கச் சொல்லியிருப்பார், சில சமயம் முன்னால் "டக்" என்று சத்தம் வரும். அந்தச் சத்தத்தைக் கேட்டதும் எலும்பு உட்கார்ந்துவிட்டது என்று நோயாளிக்கும் மகிழ்ச்சி, செய்தவருக்கும் மகிழ்ச்சி. இடுப்பைச் சொடுக்கும் முறையை வைத்துச் செய்த ஆய்வில், சத்தம் வந்தவர்களுக்கும் வராதவர்களுக்கும் பலனில் வேறுபாடு இல்லை.

எலும்பு நகர்ந்ததா என்று நேரடியாகப் பார்த்த ஆய்வும் உண்டு. துல்பெர்க் என்பவரும் சகாக்களும் ஸ்வீடனிலேயே 1998-ல் செய்தது. பத்து பேர். அதே உலோகக் குண்டு முறை. எல்லோருக்கும் சிகிச்சைக்கு முன்னால் இடுப்பு கோணலாக இருப்பதாகக் கைச் சோதனைகள் சொல்லின. மூட்டில் கைச்சிகிச்சை கொடுத்த பிறகு, அதே சோதனைகள் சமமாகிவிட்டதாகச் சொல்லின. எக்ஸ்ரே கணக்கிலோ, ஒருவருக்குக்கூட எலும்பின் இருப்பு மாறவில்லை. சின்ன ஆய்வு என்பதை ஒப்புக்கொள்கிறேன். அங்கே செய்தது மூட்டைப் பலமாக அசைக்கும் வகை, மிட்செல் முறை இல்லை என்றும் ஒருவர் வாதாடலாம். பலமான கை நகர்த்தாததை, கால் பங்கு பலத்தில் நீங்களே தள்ளியது நகர்த்தியிருக்கும் என்று நம்ப எனக்கு இடமில்லை.

அப்படியானால் உங்களுக்குக் கிடைத்த இரண்டு நாள் சுகம் பொய்யா? இல்லை. சிகிச்சை முடிந்து எழுந்ததும் காலை ஊன்றி நடந்து பார்த்து "இப்ப லேசா இருக்கு" என்று சொல்கிறவர்களை நான் வாரந்தோறும் பார்க்கிறேன். எப்படி என்பதில்தான் தெளிவு குறைவு. வலி உள்ள மூட்டைச் சுற்றித் தசைகள் காவல் காப்பதுபோல் இறுகிக் கிடக்கும். அளவாக இயக்கி விட்டதும் இறுக்கம் தற்காலிகமாகத் தளர்கிறது. தசையிலும் மூட்டு உறையிலும் உள்ள நரம்பு முனைகளிலிருந்து போகும் செய்தி, தண்டுவடத்தில் வலிச் செய்தியைக் கொஞ்ச நேரம் அமுக்குகிறது. இழுவையைத் தாங்கும் திறன் கூடுகிறது. பயந்து பயந்து பயன்படுத்தாமல் வைத்திருந்த காலை, ஒருவர் பிடித்துக்கொண்டிருக்கும் தைரியத்தில் நீங்களே தள்ளியிருக்கிறீர்கள், வலிக்கவில்லை. இதற்கும் ஒரு பங்கு உண்டு. இவற்றில் எதற்கு எவ்வளவு பங்கு என்று பிரித்துச் சொல்ல யாராலும் இன்று முடியாது. தசை தளர்ந்ததும் நீங்கள் படுக்கும் விதம் மாறுகிறது, இடுப்பு முழுவதுமாகச் சற்றே சாய்ந்து கால் அளவு மாறித் தெரிகிறது. சிகிச்சை செய்தவரே அளக்கும்போது சமமாகத் தெரிய வேண்டும் என்ற ஆசையும் கட்டைவிரலில் இருக்கும்.

பலன் எவ்வளவு என்று கேட்டால், பெரிதாகச் சொல்ல ஆதாரம் கிடையாது. கீழ்முதுகு வலிக்கு இந்த டெக்னிக்கைப் பற்றி வந்த 12 ஆய்வுகளை 2015-ல், மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு அலசியது. ஆய்வுகளின் தரம் குறைவு, மற்ற சிகிச்சைகளோடு ஒப்பிட்டால் குறிப்பிடத்தக்க பலன் தெரியவில்லை, ஆபத்தும் பெரிதாகத் தெரியவில்லை என்பதுதான் சாரம். அது பொதுவான முதுகுவலியைப் பற்றியது, உங்களைப்போல் பிரசவத்துக்குப் பிந்தைய இடுப்பு வலியைப் பற்றியது அல்ல. ஆகவே நேரடியாகப் பொருத்த முடியாது. ஆனாலும் இதை மட்டுமே நம்பிப் பத்து முறை போகச் சொல்லும் அளவுக்கு வலுவான ஆதாரம் இல்லை என்று சொல்லலாம்.

இனி உங்கள் இரண்டாவது கேள்வி: ஏன் திரும்பி வருகிறது? விலகாத எலும்பு திரும்ப விலகுவதாகச் சொல்வதை விடுங்கள். வலி தணிந்த நேரத்தில் அந்த மூட்டின் மேல் விழும் சுமை மாறவில்லை, அதைத் தாங்கும் தசையும் தேறவில்லை. எட்டு மாதக் குழந்தையை எந்த இடுப்பில் வைத்துக்கொள்கிறீர்கள்? பெரும்பாலோர் ஒரே பக்க இடுப்பைத் தூக்கி அதன் மேல் குழந்தையை உட்காரவைத்து, மறு கையால் அடுப்பு வேலை பார்ப்பார்கள். தரையில் ஒருபக்கமாகக் காலை மடக்கி உட்கார்ந்து பால் கொடுப்பது, ஸ்கூட்டரில் ஒருபக்கமாக உட்கார்ந்து போவது, பெரிய பிள்ளையை ஒரே வீச்சில் தூக்குவது எல்லாமே இந்த மூட்டைக் குறுக்காக முறுக்கும். இவை தப்பான காரியங்கள் இல்லை. ஏற்கெனவே எரிச்சலோடு இருக்கும் மூட்டுக்குக் கொஞ்ச நாளைக்கு அதிகம், அவ்வளவே.

கர்ப்ப காலத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு இடுப்புக்கூட்டு வலி வருகிறது. பிரசவமாகிச் சில மாதங்களில் பெரும்பாலோருக்கு அடங்கிவிடும், ஒரு சிறு பகுதியினருக்கு நீடிக்கும். நெதர்லாந்தில் செய்த ஆய்வுகளில், இரண்டு பக்க மூட்டும் ஒரே அளவு தளர்ந்திருந்த பெண்களைவிட, ஒரு பக்கம் மட்டும் அதிகம் தளர்ந்திருந்தவர்களுக்கு வலி அதிகமாகவும் நீண்டும் இருந்தது. அது எலும்பு இடம் மாறியது என்பதிலிருந்து வேறு விஷயம். மூட்டின் பிடிமானம் குறைந்திருக்கிறது, சுற்றியுள்ள தசைகள் அந்த வேலையை ஏற்க வேண்டும். அங்கே மென்ஸ் என்ற மருத்துவர் வகுத்த எளிய சோதனை ஒன்றை நீங்களே செய்து பார்க்கலாம். மல்லாந்து படுத்து, முழங்காலை மடக்காமல் வலது காலை ஒரு சாண் உயரம் தூக்குங்கள். கனமாக இருக்கிறதா? பிறகு யாரையாவது உங்கள் இடுப்பை இரு பக்கமும் உள்ளங்கையால் உள்நோக்கி அழுத்திப் பிடிக்கச் சொல்லி மறுபடி தூக்குங்கள். சட்டென்று லேசாகிவிட்டால், உங்களுக்குத் தேவை பிடிமானம். இடுப்பைத் திருப்பி வைப்பதால் அது வராது.

வலி அந்த மூட்டிலிருந்துதான் வருகிறதா என்று பார்க்க, எலும்பு மட்டத்தைவிட நம்பகமான வழி உண்டு. மூட்டை வெவ்வேறு விதமாக அழுத்தி, உங்களுக்குப் பழக்கமான அதே வலி வருகிறதா என்று பார்க்கும் சோதனைகள். இடுப்பின் முன் முனைகளைப் பிரித்துத் தள்ளுவது, பக்கவாட்டில் படுக்கவைத்து மேலிருந்து அழுத்துவது, தொடையை 90 டிகிரி மடக்கித் தொடை எலும்பு வழியாகக் கீழே அழுத்துவது, குப்புறப் படுக்கவைத்துத் திரிக எலும்பை அழுத்துவது. இவற்றில் ஒன்று மட்டும் வலித்தால் அதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. இந்த நான்கில் இரண்டோ அதற்கு மேலோ வலித்தால் அந்த மூட்டைச் சந்தேகிக்கலாம் என்று நியூசிலாந்தின் லாஸ்லெட் செய்த ஆய்வுகள் காட்டின. அப்போதும் அது உறுதியில்லை. கீழ்முதுகு டிஸ்க்கிலிருந்து வரும் வலியும் இதே இடத்தில் காட்டும் என்பதால், முதலில் முதுகை அசைத்துப் பார்த்து அதை ஒதுக்கியிருக்க வேண்டும். உங்கள் பிசியோ இவற்றைச் செய்தாரா என்று நீங்கள் எழுதவில்லை. கேளுங்கள். கேட்பதில் தவறில்லை.

நிஜமாகவே எலும்பு விலகும் நிலைகளும் இருக்கின்றன, அதை மறைக்கக் கூடாது. விபத்தில் இடுப்புக்கூடு உடைந்தால் விலகும். பிரசவத்தில் முன்பக்க இணைப்பு அளவுக்கு மீறிப் பிரிவதும் உண்டு. சாதாரணமாக நான்கைந்து மில்லிமீட்டர் இருக்கும் இடைவெளி 10 மில்லிமீட்டரைத் தாண்டினால் அதை மருத்துவர்கள் பிரிவு என்பார்கள். அந்தப் பெண்களுக்கு வலி முன்பக்கத்தில் இருக்கும், பிரசவமான உடனேயே நடக்க முடியாமல் போகும். எட்டு மாதம் கழித்துப் பின்பக்கம் ஒற்றை விரலில் காட்டும் வலி அந்த மாதிரித் தெரியவில்லை. எக்ஸ்ரே எடுத்தால் தெரியும்.

எனக்கு இதைவிட அக்கறை வேறொன்றில். இந்த மூட்டில் அழற்சி நோய் தொடங்கும்போது, பலர் மாதக்கணக்கில் "இடுப்பு விலகல்" என்று கைச்சிகிச்சை எடுத்துக்கொண்டிருப்பார்கள். ஆங்கிலோசிங் ஸ்பாண்டிலைடிஸ் என்ற வாதநோய் பெரும்பாலும் 45 வயதுக்கு முன் இந்த மூட்டில்தான் தொடங்கும். காலையில் அரை மணிக்கு மேல் விறைப்பு, படுத்தால் கூடும், நடந்தால் குறையும், பின்னிரவில் வலியால் விழிப்பு, ஒரு வாரம் வலப்பிட்டம் என்றால் அடுத்த வாரம் இடப்பிட்டம். எப்போதாவது கண் சிவந்து வலித்திருந்தால் அதையும் சொல்லுங்கள். பெண்களுக்கு இது வராது என்ற பழைய எண்ணத்தால் கண்டுபிடிப்பு தாமதமாகிறது. ஆரம்பத்தில் எக்ஸ்ரே சரியாகவே இருக்கும், எம்ஆர்ஐ தேவைப்படலாம். நம் நாட்டில் இன்னொன்றையும் மறக்க முடியாது, இந்த மூட்டில் காசநோய். மாலைக் காய்ச்சல், எடை குறைவு, ஒரு பக்கம் மட்டும் நாளுக்கு நாள் கூடும் வலி இருந்தால் பிசியோவிடம் போகும் முன் எலும்பு மருத்துவரைப் பாருங்கள். பால் கொடுக்கும் மாதங்களில் எலும்பு வலு குறைந்து திரிக எலும்பில் கீறல் விழுவதும் அரிதாக நடக்கும். சிறுநீர், மலம் கட்டுப்பாடு மாறுவது, மறைவிடம் மரத்துப்போவது, கால் பலமிழப்பது என்றால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். ஒரு விஷயம், பிள்ளை பெற்ற பெண்களின் எக்ஸ்ரேயில் இந்த மூட்டின் இடுப்பெலும்புப் பக்கம் முக்கோணமாக வெள்ளையாகத் தெரிவது உண்டு. பெரும்பாலும் தீங்கில்லாதது, ரிப்போர்ட்டைப் பார்த்து நீங்களாகப் பயந்துவிடாதீர்கள்.

இவை எதுவும் இல்லையென்றால், நான் செய்வது இது. டெக்னிக்கை நிறுத்தச் சொல்ல மாட்டேன். அது தரும் இரண்டு நாளில் பயிற்சியைத் தொடங்கச் சொல்வேன். மல்லாந்து படுத்து முழங்கால்களை மடக்கி இடுப்பைத் தூக்குவது, பக்கவாட்டில் படுத்து மேல் காலைத் தூக்குவது, மூச்சை விட்டுக்கொண்டே அடிவயிற்றை மெல்ல உள்ளிழுத்துக் காலை ஒவ்வொன்றாக நகர்த்துவது. வலி பத்துக்கு மூன்றைத் தாண்டாத அளவில் ஆரம்பித்து, வாரா வாரம் கூட்ட வேண்டும். பிறகு நாற்காலியில் உட்கார்ந்து எழுவது, படியேறுவது, கடைசியில் எடையோடு. நார்வேயில் ஸ்டூகே என்பவர் 2004-ல் வெளியிட்ட ஆய்வில், பிரசவத்துக்குப் பின் இடுப்பு வலி நீடித்த 81 பெண்களில், ஆளுக்கேற்ற பயிற்சியை 20 வாரம் செய்தவர்களுக்கு வலியும் முடக்கமும் நன்றாகக் குறைந்தன, பிரசவமாகி ஒரு வருடம் ஆனபோதும் அது நின்றது. பிறகு வந்த எல்லா ஆய்விலும் அவ்வளவு பலன் தெரியவில்லை. வீட்டில் தனியாகச் செய்யச் சொல்லி விட்டுவிட்டவற்றில் குறைவாகவே இருந்தது. அதனால் யாராவது ஒருவர் பார்த்துப் பார்த்துக் கூட்டிக் குறைக்க வேண்டும். பிசியோவுக்குக் கொடுக்கும் பணம் இதற்குப் போகட்டும்.

அந்த டெக்னிக்கையே நீங்களும் செய்துகொள்ளலாம். மல்லாந்து படுங்கள், இடது கால் நீட்டியபடி. வலது தொடையின் பின்பக்கம் இரு கைகளையும் கோத்து, லேசாகத் தடுக்கும் வரை மார்புப் பக்கம் கொண்டுவாருங்கள். தொடையால் கைகளை மெல்லத் தள்ளி, கைகளால் அசையாமல் பிடியுங்கள். மூச்சை அடக்காமல் ஐந்தாறு விநாடி. விட்டு, கொஞ்சம் மேலே. மூன்று நான்கு முறை போதும். காலையில் எழும் முன்னால் செய்தால் முதல் சில அடிகள் எளிதாக இருக்கும். வலி கூடினாலோ காலுக்குள் இறங்கினாலோ விட்டுவிடுங்கள். இடுப்பு பெல்ட் கட்டுவதானால் தொப்புள் பக்கம் கட்டாதீர்கள், இடுப்பெலும்பின் முன் முனைகளுக்குச் சற்றுக் கீழே வர வேண்டும். நடக்கும்போது மட்டும், சில வாரங்களுக்கு.

பத்து சிட்டிங்குக்கு மொத்தமாகக் கட்ட வேண்டாம். இரண்டு மூன்று முறை பாருங்கள். ஒவ்வொரு முறையும் கால் நீளத்தை அளந்து காட்டினால், "அது இருக்கட்டும், நான் படியேறும்போது போன வாரத்துக்கு இப்போது எப்படி என்று பார்ப்போமா" என்று கேளுங்கள். ஆறு வாரத்தில் படியேறுவதும் புரண்டு படுப்பதும் கொஞ்சமாவது எளிதாகாவிட்டால், அதே சிகிச்சையை நீட்டாமல் மருத்துவரிடம் போய் எம்ஆர்ஐ தேவையா என்று பேசுங்கள்.

உங்கள் அம்மா சொன்ன சுளுக்கு எடுப்பவரைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். எண்ணெய் தடவி நீவிவிட்டால் சுகமாக இருக்கும், அதற்குத் தடையில்லை. முதுகில் ஏறி மிதிப்பது, காலைப் பிடித்து வெடுக்கென்று இழுப்பது மட்டும் வேண்டாம், அதுவும் மேலே சொன்ன நோய்கள் இல்லை என்று தெரியாத வரை நிச்சயமாக வேண்டாம். கால் அளவைச் சமமாக்க உங்கள் இடது செருப்புக்குள் வைக்கச் சொன்ன ரப்பர் அட்டையை எடுத்துவிட்டு ஒரு வாரம் நடந்து பாருங்கள். வித்தியாசம் தெரியவில்லையென்றால் அதை மறுபடி வைக்கத் தேவையில்லை.